ரீஜனல் அனஸ்தீசியா கேள்வி: பிளாக் பெயர்களை மட்டும் அடுக்கினால் போதாது

மயக்கவியல் முதுநிலைத் தேர்வில் 'ரீஜனல் அனஸ்தீசியாவில் (உடலின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்வதில்) அண்மைக்கால முன்னேற்றங்கள்' என்று கேட்டால், நரம்புகளை மரக்கச் செய்யும் ஊசிகளான பிளாக்குகளை, 2007-இல் கியூ.எல். (வயிற்றுப் பின்சுவர்த் தசையைச் சுற்றிப் போடுவது), 2016-இல் இ.எஸ்.பி. (முதுகுத்தண்டை ஒட்டிய தசைக்கு அடியில் போடுவது), 2018-இல் பெங் (இடுப்பு மூட்டு நரம்புகளுக்குப் போடுவது) என்று வருட வரிசையில் எழுதித் தள்ளுபவர்கள்தான் அதிகம். அதற்கும் மார்க் விழும், ஆனால் கொஞ்சம்தான். மருந்து எந்த நரம்பைப் பிடிக்கிறது, எதை விட்டுவிடுகிறது, எத்தனை மி.லி. என்று எழுதினால்தான் விடை நிற்கும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் படிப்பவர்களுக்குப் பொருத்தமான கேஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பென்னாகரம் பக்கத்துப் பெரியவர், வயது எழுபது, எடை 50 கிலோ, தொடை எலும்புக் கழுத்தில் முறிவு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் பல வருடம் ஃபுளோரைடு மிகுந்த போர் தண்ணீரைக் குடித்தவர். எலும்பு ஃபுளோரோசிஸில் தசைநார்கள் சுண்ணாம்பேறி முதுகு விறைத்துவிடும், குனியச் சொன்னால் குனிய வராது. நடுக்கோட்டில் ஸ்பைனல் ஊசி (இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்ய முதுகில் போடுவது) போட்டால் எலும்பில் இடிப்பது போலவே நின்றுவிடும். நடுக்கோட்டுக்குச் சற்றுப் பக்கவாட்டில் போகும் பாராமீடியன் வழி, அதுவும் முடியாவிட்டால் முதுகெலும்பின் அடியில் உள்ள எல்5–எஸ்1 இடைவெளியில் டெய்லர் வழி என்று வரிசையாகச் சொல்லுங்கள். முன்கூட்டியே அல்ட்ராசவுண்டில் இடைவெளி பார்ப்பதையும் சேர்க்க வேண்டும். தண்டுவடக் குழாய் குறுகியிருக்கலாம் என்பதால் கால் பலம், உணர்வு இரண்டையும் சோதித்துக் கேஸ் ஷீட்டில் எழுதிய பிறகே ஊசி. 'ஜி.ஏ. (முழு மயக்கம்) கொடுத்துவிடுவேன்' என்று தப்பிக்கப் பார்த்தால், மூச்சுக்குழாயில் குழாய் போடுவதைக் கடினமாக்கும் கழுத்து விறைப்பைப் பற்றித்தான் அடுத்த கேள்வி வரும்.

உட்கார வைக்கும்போது வலிக்காமல் இருக்க, ஸ்பைனலுக்கு முன் பெங் பிளாக். நோயாளி மல்லாந்து படுத்திருக்க, அல்ட்ராசவுண்டின் வளைந்த லோ-ஃப்ரீக்வென்சி புரோபை முன் மேல் இடுப்பெலும்பு முனையில் குறுக்காக வைத்துக் கீழே இறக்குங்கள். முன் கீழ் முனை தெரிந்ததும் புரோபைச் சுமார் 45 டிகிரி திருப்பினால் பியூபிக் ராமஸ் (இடுப்பெலும்பின் முன்பக்கக் கிளை) நீளவாக்கில் வரும். அதன்மேல் சோவாஸ் தசையின் (இடுப்பை மடக்கும் தசை) தசைநாண் வெள்ளையாகத் தெரியும். வெளிப்பக்கமிருந்து இன்-பிளேனில் (ஊசி முழுவதும் திரையில் தெரியும்படி) ஊசியைக் கொண்டுபோய், தசைநாணுக்கும் எலும்புக்கும் நடுவே நிறுத்தி, உறிஞ்சிப் பார்த்து 5 மி.லி. 5 மி.லி.-ஆக மொத்தம் 20 மி.லி. தசைநாண் மேலே எழும்பினால் இடம் சரி. எழும்பாமல் தசைக்குள் மருந்து பரவினால் ஊசி மேலே நிற்கிறது என்று அர்த்தம். அப்படியே செலுத்தினால், தொடை முன்பக்கத் தசைகளுக்குப் போகும் ஃபெமரல் நரம்பு வரை போய்த் தொடைத் தசை பலவீனமாகும். மூட்டின் முன்பக்க உறைக்குப் போகும் கிளைகளைத்தான் இந்த பிளாக் பிடிக்கும். பின்பக்க உறையும் தோலும் விட்டுப்போகும். ஆகவே இது வலி நிவாரணம் மட்டுமே, இதை வைத்து ஆபரேஷன் செய்ய முடியாது. தோலுக்கு லேட்டரல் ஃபெமரல் கியூட்டேனியஸ் நரம்பில் (தொடையின் வெளிப்பக்கத் தோலுக்குப் போவது) 5 மி.லி. தனியாகப் போடுவார்கள்.

டோஸ் கணக்கை வாய்விட்டுச் சொல்லுங்கள். பெங்குக்கு 20, தோலுக்கு 5 என்று மரப்பு மருந்தான புபிவகைன் 0.25% மொத்தம் 25 மி.லி. என்றால் 62.5 மி.கி. ஸ்பைனலில் 0.5% ஹெவி (குளுக்கோஸ் சேர்த்துக் கனமாக்கிய புபிவகைன்) 2.5 மி.லி. என்றால் 12.5. மொத்தம் 75 மி.கி. கிலோவுக்கு 2 மி.கி. என்ற வரம்பில் இவருக்கு 100 வரை போகலாம்.

கூடவே, மரப்பு மருந்து ரத்தத்தில் அதிகமானால் வரும் நச்சுத்தன்மைக்கு என்ன செய்வீர்கள் என்ற கேள்வி வந்தே தீரும். 20% லிப்பிட் எமல்ஷன் (நரம்பு வழி ஏற்றும் கொழுப்புக் கரைசல்) கிலோவுக்கு 1.5 மி.லி. வீதம், இவருக்கு 75 மி.லி., இரண்டு மூன்று நிமிடத்தில் போலஸாக (ஒரே தவணையில்). பிறகு நிமிடத்துக்கு 12.5 மி.லி. உச்சவரம்பு கிலோவுக்கு 12 மி.லி. பலர் சறுக்குவது அட்ரினலினில். இதயம் நின்றால் வழக்கமாகக் கொடுக்கும் 1 மி.கி. என்று சொல்லிவிடுகிறார்கள், இங்கே கிலோவுக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது. லிப்பிடுக்குப் பதில் புரோபோஃபால் (கொழுப்புக் கரைசலில் வரும் மயக்க மருந்து) என்பதும் தப்பு. அதில் கொழுப்பு 10% தான், அவ்வளவு அளவில் கொடுத்தால் பிரஷர் படுத்துவிடும்.

இ.எஸ்.பி. பற்றி எழுதும்போது மருந்து பாராவெர்டிப்ரல் பகுதிக்கு (தண்டுவட நரம்புகள் வெளிவரும் இடம்) போகிறதா என்பதில் சடல ஆய்வுகளே ஒத்துப்போவதில்லை என்று ஒரு வரி போடுங்கள். லைபோசோமல் புபிவகைனை (கொழுப்புத் துளிகளில் அடைத்து மெல்ல வெளிவரும்படி செய்தது) அதிசய மருந்தாக எழுத வேண்டாம். நரம்பைச் சுற்றிப் போடும்போது சாதாரண புபிவகைனைவிடப் பெரிய லாபமில்லை என்று 2021-இல் வந்த மெட்டா-அனாலிசிஸ் (பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்ப்பது) சொல்கிறது.

எல்லோரும் கற்க வேண்டியவை என்று 2020-இல் முன்வைக்கப்பட்ட ஏழு 'பிளான் ஏ' பிளாக்குகளில் பெங் இல்லை, ஃபெமரல் இருக்கிறது. 'பெங் போட்டுப் பழக்கமில்லை என்றால்?' என்று கேட்டால் தயங்காமல் ஃபெமரல் என்று சொல்லுங்கள். முறிந்த காலோடு படுத்திருப்பவருக்கு ஆபரேஷனுக்கு முன் தொடைத் தசை பலவீனமானால் பெரிய நஷ்டமில்லை. ஆபரேஷன் முடிந்து எழுந்து நடக்க வைக்கும்போதுதான் அது பிரச்சினை.