சிபேப் மெஷினும் காது அடைப்பும்: மார்கழிக் குறிப்புகள்

டிசம்பர் 17

மார்கழி பிறந்தால் போதும், மதுரையில் சிபேப் மெஷின் (தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்புவது) வைத்திருப்பவர்களிடம் "காது அடைக்குது, மெஷின்ல காத்தைக் குறைச்சு விடுங்க" என்ற பேச்சு கூடிவிடும். குறைக்கும் முன் மூக்கைப் பாருங்கள். மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் யூஸ்டேஷியன் குழாய், எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ ஒரு கணம் திறந்து மூடும். தூக்கத்தில் விழுங்குவதே குறைவு. சளியில் குழாய் வீங்கியும் இருந்தால், இரண்டு பக்க அழுத்தமும் சமமாகாமல் செவிப்பறை இழுபடும்.

கொடைக்கானலிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போது காது அடைப்பதும் இப்படித்தான். ஆனால் மெஷினின் 10 செ.மீ. நீர் அழுத்தம் ஏறக்குறைய 80 மீட்டர் இறங்குவதற்குத்தான் சமம். அந்த அளவுக்கே காது வலித்தால் குழாய் ஏற்கெனவே அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

காலையில் மாஸ்க்கைக் கழற்றியதும் 'டப் டப்' என்று சத்தம் கேட்டு, சிறிது நேரத்தில் சரியானால் பயம் வேண்டாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்குங்கள். வாயை மூடி முக்கி ஊத வேண்டாம், செவிப்பறைக்கு ஆகாது.

டிசம்பர் 20

காது மடலைத் தொட்டால் வலிக்கிறதா? அப்படியானால் அது மாஸ்க் ஸ்ட்ராப்பின் வேலை. ஒருக்களித்துப் படுக்கும்போது தலையணை அதைக் காதில் அழுத்தும். மாஸ்க்கை உட்கார்ந்தபடி இறுக்கக் கூடாது. படுத்து, மெஷினை ஓடவிட்டு, காற்று கசியாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

டிசம்பர் 26

காய்ந்த மூக்கு வீங்கும், வீங்கினால் காதும் அடைக்கும். அதனால் காற்றை ஈரமாக்கும் ஹ்யூமிடிஃபயரை ஒவ்வொரு படியாகக் கூட்டிப் பாருங்கள். ட்யூபில் தண்ணீர் கோத்து 'களக் களக்' என்றால் ஒரு படி இறக்குங்கள். ட்யூபுக்குத் துணியுறை போடுங்கள், மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வாக வையுங்கள்.

ஹ்யூமிடிஃபயர் தொட்டியில் ஊற்ற டிஸ்டில்டு வாட்டர்தான். போர் தண்ணீர் ஊற்றினால் அடியில் வெள்ளை உப்பு படியும். கேன் தண்ணீரும் டிஸ்டில்டு அல்ல. மெக்கானிக் கடை பேட்டரி தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதில் என்ன கலந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்!

படுக்கும் முன் உப்புநீரில் மூக்கைக் கழுவலாம். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், மெடிக்கல் ஷாப் உப்புப் பாக்கெட், அவ்வளவுதான். குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடக் கூடாது. மூக்கடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்து மூன்று நாளுக்கு மேல் போனால் அடைப்பைத் திருப்பிக் கொண்டுவரும்.

ஜனவரி 4

காது அடைப்பு இதற்கெல்லாம் மசியாவிட்டால்தான் அழுத்தத்தின் பக்கம் போக வேண்டும். ரேம்ப்பை, அதாவது அழுத்தம் ஏற எடுக்கும் நேரத்தை, நீட்டினால் 4 செ.மீ. அழுத்தத்தில் தொடங்கி மெதுவாக ஏறும். மூச்சு விடும்போது காற்றைத் தணிக்கும் வசதி பல மெஷின்களில் 1 முதல் 3 வரை இருக்கும், அதையும் முயலலாம். அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ மெஷினில் 4–20 என்று அகலத் திறந்து வைத்திருந்தால், மெமரி கார்டை டாக்டரிடம் கொடுத்து மேல் வரம்பைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். நீங்களாகக் குறைத்தால் காது சுகப்படும், குறட்டையும் மூச்சுத் திணறலும் திரும்பிவிடும்.

காதில் சீழ், காய்ச்சலோடு வலி, தலைசுற்றல் என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே.

ஜனவரி 11

போகிப் புகை வரப்போகிறது. ஃபில்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கறுத்திருந்தால் மாற்றுங்கள். தாள் போன்ற வெள்ளை ஃபில்டரைக் கழுவக் கூடாது.