பட்டியை இளக்கிய பிறகுதான் கடல் தெரிந்தது

பங்குனியில் வாடைக்காற்று அடங்கியதும் யாழ்ப்பாணத்துக் காரைநகரில் உள்ள கசூரினா கடற்கரையில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். சின்ன வயதிலிருந்து அங்கே குளித்திருக்கிறேன், ஆனால் தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. இந்த வருடம் கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க், முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது வாயால் மூச்சு விடும் ஸ்நோர்க்கல் குழாய், காலில் போடும் துடுப்பான ஃபின்ஸ் மூன்றும் சேர்ந்த ஒரு செட் வாங்கினேன். இதுவரை ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் இறங்கியிருக்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதல் ஞாயிறு முழுக்க மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. வரும்போதெல்லாம் பட்டியை இன்னும் ஒரு பல் இறுக்கினேன். கண் எரிவு, தலையிடி, முகத்தைச் சுற்றி மாலை வரைக்கும் மாறாத சிவப்பு வளையம். இரண்டாம் ஞாயிறும் அதே கதைதான். அன்றைக்குச் சவுக்கு நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு அண்ணை என்னைக் கூப்பிட்டார். முந்தி கடலட்டைக்குச் சுழியோடியவர்.

“தம்பி, உதை ஏன் உப்பிடி இறுக்கிறீர்? இறுக்க இறுக்கத்தான் தண்ணி வரும். பட்டியைக் கழட்டிப்போட்டு முகத்தில வையும். மூக்கால கொஞ்சம் உறிஞ்சும். கையை விடும்.”

வைத்து உறிஞ்சினேன். ஒரு கணம் ஒட்டி நின்று, பிறகு விழுந்தது. அவர் என் மீசையைக் காட்டினார். மாஸ்க்கின் சிலிக்கன் விளிம்பு தோலில் படிந்தால்தான் தண்ணீரை மறிக்கும், மயிர் இருக்கும் இடத்தில் படியாது. நெற்றியில் ஒரு கற்றை முடி மாட்டிக்கொண்டாலும் இதே கதைதான். அளவுக்கு மீறி இறுக்கும்போது அந்த மெல்லிய விளிம்பு மடிந்து புதிதாக ஒரு வழி திறந்துவிடுகிறது. கடலுக்குள் இறங்கினால் தண்ணீரே மாஸ்க்கை முகத்தோடு அழுத்திப் பிடிக்கும். பட்டியின் வேலை அது கழன்று விழாமல் பார்ப்பது மட்டும்தான்.

அடுத்த கிழமை மூக்குக்குக் கீழே மெல்லிய ஒரு கோடு மட்டும் வழித்தேன், மீசை போகவில்லை. பட்டியைக் காதுக்கு மேலே, பின்தலையின் அகலமான இடத்தில் வைத்து, ஒரு விரல் சுகமாகப் போகும் அளவுக்கு இளக்கினேன். தண்ணீர் நின்றுவிட்டது. எப்போதாவது சில துளி வந்தால், மாஸ்க்கின் மேல்விளிம்பைக் கையால் அழுத்தி, முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி மூக்கால் ஊதினால் கீழ்ப்பக்கத்தால் வெளியேறிவிடும். மூக்கு மாஸ்க்குக்குள் இருப்பது இதற்கும் உதவுகிறது.

கண்ணாடி ஆவி படிந்து பூஞ்சுவது அடுத்த தொல்லை. புது மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிக்கும்போது படியும் மெல்லிய படலம் ஒன்று இருக்கும். அது இருக்கும்வரை என்ன செய்தாலும் பூஞ்சும். வெள்ளைப் பற்பசையை உட்பக்கத்தில் விரலால் வட்டமாகத் தேய்த்துக் கழுவினேன், மூன்று தரம். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் இறங்குமுன் உள்ளே துப்பித் தேய்த்து, கடல் தண்ணீரில் ஒருதரம் அலசினால் காணும். அலசிய பிறகு கண்ணாடியைத் துடைக்கவே கூடாது. மூக்கால் மூச்சு விட்டாலும் சூட்டு ஆவி உள்ளே படியும். வாயால் மட்டும் மூச்சு விடப் பழக வேண்டும்.

அந்தப் பழக்கத்தைக் கடலில் தொடங்காமல், எங்கள் கிணற்றடித் தொட்டியில் தொடங்கியதுதான் நான் செய்த நல்ல வேலை என்று நினைக்கிறேன். பின்னேரம் தொட்டியை நிரப்பி, மாஸ்க்கும் குழாயும் போட்டு, முகத்தை உள்ளே வைத்தபடி நிற்பேன். முகத்தில் தண்ணீர் பட்டதும் நெஞ்சு பதறி மூச்சு குறுகும். முதல் நாள் அரை நிமிடம்கூட நிற்க முடியவில்லை. மூன்று எண்ணி இழுத்து, ஐந்து எண்ணி விட்டுப் பழகினேன். நாலாம் நாள் பத்து நிமிடம் நின்றேன். குழாயில் மூச்சை நீளமாக விடுவதற்குக் காரணம் இருக்கிறது. குட்டி குட்டியாக மூச்சு விட்டால் குழாய்க்குள் தேங்கிய பழைய காற்றே திரும்பத் திரும்ப உள்ளே போகும். குழாயை நீளமாகச் செய்யாததற்கும் இது ஒரு காரணம். பிறகு வேண்டுமென்றே குழாய்க்குள் தண்ணீர் விட்டு, ஒரே மூச்சில் ‘தூ’ என்று ஊதித் தள்ளவும் அங்கேயே பழகினேன். இது கை வந்தபிறகு பயம் பாதி போய்விட்டது.

தாடை நோவு நாலாம் ஞாயிறு வரைக்கும் இருந்தது. குழாயை மாஸ்க் பட்டியோடு பிடிக்கும் கொழுவியை ஒரு அங்குலம் மேலே தள்ளியதும், வாய்ப்பகுதி இழுபடாமல் தானாக உதட்டுக்கு வந்தது. உதடு மூடிப் பிடிக்க, பல் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.

ஃபின்ஸ் குதிக்காலை உரித்துவிட்டது, மெல்லிய சொக்ஸ் போட்டதும் சரியாகிவிட்டது. கசூரினாவில் இடுப்பளவு ஆழத்துக்கு வர நெடுந்தூரம் நடக்க வேண்டும். அதுவரை ஃபின்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்கி வைக்காமல் மணலில் உரசியபடி போகிறேன். மணலுக்குள் திருக்கை படுத்திருந்தால் அது விலகிப் போய்விடும். உதைப்பது இடுப்பிலிருந்து வர வேண்டும். முழங்காலை மடித்து சைக்கிள் மிதித்தால் மணல் கிளம்பி எல்லாம் மறைந்துவிடும். முதுகு வெயிலில் கருகாமல் இருக்க முழுக்கைச் சட்டை போடுகிறேன். தனியாக இறங்குவதில்லை, மச்சான் கூட வருவான்.

ஆறாம் ஞாயிறு காலை ஏழு மணி. காற்று இன்னும் எழும்பவில்லை. சாதாளை என்ற கடற்புல் திடலுக்கு மேலே கை கால் அசைக்காமல் மிதந்தேன். ஒரு கூட்டம் ஓரா மீன், சாதாளையைக் கடித்துக் கடித்துத் தின்றுகொண்டு என் நிழலுக்குக் கீழாலேயே போனது. உள்ளங்கை நீளம் என்று நினைத்தேன். தண்ணீருக்குள் எதுவும் ஏறக்குறைய 33 வீதம் பெரிதாகவும் 25 வீதம் கிட்டவாகவும் தெரியுமாம், அப்படியென்றால் அவை இன்னும் சின்னவை. தட்டில் எத்தனை தரம் பார்த்த மீன்! உயிரோடு மேயும்போது அதன் உடம்பில் உள்ள புள்ளிகள் இவ்வளவு வடிவென்று எனக்குத் தெரியாது. இருபது நிமிடம் போயிருக்கும், மாஸ்க் போட்டிருப்பதே மறந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவிட்டேன். பட்டியின் அளவை மாற்றவில்லை. வரும் ஞாயிறு மூக்கைப் பிடித்து ஊதிக் காதின் அழுத்தத்தைச் சரிசெய்தபடி ஒரு ஆள் ஆழம் இறங்கிப் பார்க்க வேண்டும். அண்ணையும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.