சிலி நாட்டு வெயில்ல பணம் போடலாமா?

போன வாரம் மாமா வாட்ஸப்ல ஒரு நோட்டீஸ் அனுப்பியிருந்தாரு. தென் அமெரிக்காவுல சிலி நாட்டுல சோலார் பார்க் வருதாம், அஞ்சு லட்சம் போட்டா மாசாமாசம் பதினஞ்சாயிரம் கேரண்டியா வருமாம், மதுரை காளவாசல் பக்கம் ஒரு ஹோட்டல்ல கூட்டமாம். "ஏ மாப்ள, நீ சோலார் லைன்லதான இருக்க, போடலாமா?"ன்னு கேட்டிருந்தாரு. அவரு ரிட்டயர் ஆன பணம் அது. போன்ல ரெண்டு வார்த்தையில முடிக்க மனசு வரல, இதே நோட்டீஸ் எத்தன வீட்டுக்குப் போயிருக்கோ, அதனால இங்கயே எழுதிடுறேன்.

முதல்ல ஒண்ணு, சிலியில வெயில் இருக்குங்கறது உண்மைதான். வடக்க அட்டகாமா பாலைவனம், உலகத்துலயே சூரிய ஒளி அதிகமா விழுற இடம்னா அதுதான், நல்ல உயரம், மேகமே கிடையாது. நாட்டுக்குத் தேவையும் இருந்துச்சு. பெட்ரோல், கேஸ், நிலக்கரி எல்லாமே பெரும்பாலும் வெளிய இருந்துதான் வரணும், 2004ல பக்கத்துல அர்ஜென்டினா கேஸ குறைக்க ஆரம்பிச்சதும் பாடாப் பட்டாங்க. நிலக்கரி ஆலைகள 2040க்குள்ள மூடுறதுன்னு 2019லயே முடிவு பண்ணிட்டாங்க. உலகத்துலயே அதிகமா செம்பு எடுக்குற நாடு வேற, அந்த சுரங்கத்துக்கெல்லாம் ராத்திரி பகல் பாக்காம கரண்ட் வேணும். இதெல்லாம் பாத்துதான் வெளிநாட்டுக் கம்பெனிங்க வரிசையா பேனல் மாட்டுனாங்க.

சிக்கல் அதுக்கப்புறம்தான். பேனல் பூரா வடக்க, ஜனம் பூரா நடுவுல தலைநகரம் சாந்தியாகோ பக்கம், ரெண்டுக்கும் நடுவுல ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல. கரண்ட கடத்துற லைன் பத்தல. சீசன்ல மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மல்லி வரத்து குமிஞ்சா வெல என்ன ஆகும்னு நமக்குத் தெரியும்ல, அங்க மத்தியானம் கரண்ட் கதை அதேதான், வடக்க கரண்டோட மொத்த வியாபார வெல பல நாள் சைபர். 2024ல மட்டும் காத்தாலையும் சோலாரும் குடுத்திருக்க வேண்டிய கரண்ட்ல 500 கோடி யூனிட்டுக்கு மேல எடுத்துக்க வழியில்லாம நிறுத்தி வச்சுட்டாங்க.

மாமா, இந்த எடத்த கொஞ்சம் நிதானமா படிங்க. அங்க ஒரு கம்பெனி சாந்தியாகோ பக்கம் உள்ள வாடிக்கையாளருக்கு யூனிட் இன்ன வெலன்னு பல வருசத்துக்கு ஒப்பந்தம் போட்டுருது. ஆனா உற்பத்தி வடக்க. வடக்க கரண்ட கிரிட்ல, அதாவது பொது மின் லைன்ல ஏத்துறப்ப கிடைக்கிறது அந்த எடத்து வெல, அதாவது சைபர். அதே நேரம் தெக்க வாடிக்கையாளருக்காக எடுக்குறப்ப அங்கத்து வெலைய கட்டணும், அது வடக்கத்து வெலைய விட அதிகம். நடுவுல உள்ள வித்தியாசம் அவங்க கைக்காசு. 2022ல சில கம்பெனிங்க இதுல மாட்டி ஒப்பந்தக் காசக் கட்ட முடியாம நின்னுச்சுங்க. அங்க வெயிலுக்கு எந்தக் குறையும் இல்ல, பேனலும் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச திட்டம் ஒண்ணு இருக்கு, செர்ரோ டொமினடோர். அதே அட்டகாமா பாலைவனத்துல 10,600 கண்ணாடிங்க, ஒவ்வொண்ணும் சூரியன் நகர நகர தானும் திரும்பி, சுமார் 250 மீட்டர் உசர டவரோட தலையில வெளிச்சத்த அடிக்கும். அந்த சூட்டுல நைட்ரேட் உப்பு உருகி 565 டிகிரி வரைக்கும் போகும், அத டாங்குல வச்சு ராத்திரி தண்ணிய ஆவியாக்கி டர்பைன் சுத்துறாங்க. 110 மெகாவாட், பதினேழரை மணி நேரம் வெயில் இல்லாமயே ஓடும். படிக்கவே சந்தோசமா இருக்கும். ஆனா 2014ல ஆரம்பிச்ச ஸ்பெயின் கம்பெனி அபெங்கோவா கடன்ல விழுந்து வேல நடுவுல நின்னு, வேற கை மாறி, 2021லதான் திறந்தாங்க. இந்த ஏழு வருசம் மாசாமாசம் யாரு பதினஞ்சாயிரம் குடுத்திருப்பா?

இப்ப அங்க வாய்ப்பு இருக்குதுன்னா என் கணக்குல பேனல்ல இல்ல, பேட்டரியிலயும் லைன்லயும்தான். சேமிச்சு வச்சு விக்கிறவங்களுக்கும் வருமானம் கிடைக்கிற மாதிரி 2022 கடைசியில சட்டம் கொண்டு வந்தாங்க, மத்தியானம் சும்மா கிடைக்கிறத பிடிச்சு சாயங்காலம் விக்கலாம். வடக்க கிமால்ல இருந்து சாந்தியாகோ பக்கம் லோ அகிர்ரே வரைக்கும் சுமார் 1,350 கிலோமீட்டருக்கு டிசி லைன் (நேர் மின்சார லைன்) ஒண்ணும் போடப் போறாங்க, 3,000 மெகாவாட் கடத்தும். ஆனா இது வந்துட்டா வடக்கு தெக்கு வெல வித்தியாசம் குறையும், பேட்டரிக்காரன் லாபமும் அதோட சேந்து குறையலாம், அதனால இதுலயும் நிச்சயம்னு எதுவும் இல்ல. நம்ம கமுதியில 648 மெகாவாட் சோலார் நிக்கிது, ஆண்டிபட்டி பக்கம் காத்தாலை நிக்கிது, நம்ம பக்கமும் பேட்டரிய பத்தி இப்பவே பேசணும்னு எனக்கு ஆச, அத தனியா எழுதுறேன்.

நெஜமாவே சிலியில போடணும்னா நேர் வழி இருக்கு. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வச்சிருக்க எல்ஆர்எஸ் விதிப்படி ஒரு ஆளு ஒரு நிதியாண்டுல 2,50,000 டாலர் வரைக்கும் பேங்க் மூலமா ஏ2ங்கற விண்ணப்ப பாரம் குடுத்து அனுப்பலாம், எனெல் சிலி மாதிரி கரண்ட் கம்பெனி ஷேர் நியூயார்க் மார்க்கெட்லயே கிடைக்கிது. வெல ஏறும் இறங்கும், டாலரும் ஆடும், கேரண்டின்னு ஒரு வார்த்த அங்க யாரும் சொல்ல மாட்டாங்க.

மாமா, கூட்டத்துக்குப் போனா காசு கொண்டு போகாதீங்க, இத மட்டும் கேளுங்க: பார்க் எந்த ஊர்ல, எந்த சப்ஸ்டேசன்ல கரண்ட ஏத்துறீங்க, யாருக்கு விக்கிறீங்க, பொதுமக்கள்கிட்ட டெபாசிட் வாங்க அனுமதி எங்க? 2019 சட்டப்படி அனுமதியில்லாம இப்படி டெபாசிட் வாங்குறதே குத்தம். ஏற்கனவே பணம் கட்டுனவங்க யாராவது இத படிச்சா ரசீது, வாட்ஸப் மெசேஜ் எதையும் அழிச்சிராதீங்க, நேரா பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போங்க.