பி.ரி. பாடத்துக்கு முந்தைய பத்து நிமிடம்

ஆரம்பப் பிரிவில் பி.ரி. என்கிற விளையாட்டுப் பாடம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வருகிறவர்கள் நேரே மைதானத்துக்குத்தான் போவார்கள். பந்து இருக்கிறதா, வளையம் இருக்கிறதா, பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்களா என்று பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். அதற்கு முன்னால் வகுப்பறைக்குள் பிள்ளைகள் உடுப்பு மாற்றுகிற பத்து நிமிடத்தை யாரும் வந்து பார்த்ததில்லை. திருகோணமலை நகரத்திலும் அதற்கு வெளியே கரையோரக் கிராமங்களிலும் வகுப்பாசிரியராக நீண்ட காலம் வேலை செய்துவிட்டேன். ஒரு பிள்ளை விளையாட்டை விரும்புமா, வெறுக்குமா என்பது பல நேரம் அந்தப் பத்து நிமிடத்திலேயே முடிவாகிவிடுகிறது என்பதுதான் நான் கண்டது.

இங்கே நான் சொல்லும் பிள்ளைகளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன். பேசுகிற விஷயமே அந்தரங்கம் என்பதால் அது அவசியம்.

எங்கள் பக்கத்துப் பாடசாலைக் கட்டடங்களைத் தெரிந்தவர்களுக்கு நிலைமை உடனே விளங்கும். நீளமான ஒரு மண்டபம், இடுப்பளவு அரைச்சுவர், மேலே கம்பிவலை. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் பலகைத் தட்டி, அதுவும் பல இடங்களில் பாதிதான். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனலாக வீசும்போது அந்த அரைச்சுவர் இல்லாவிட்டால் பிள்ளைகள் வெந்துபோவார்கள். ஆனால் அதே வகுப்பறையில் தரம் 4 பிள்ளை ஒன்று சட்டையைக் கழற்றினால் பக்கத்து வகுப்புக்குத் தெரியும், முற்றத்தில் நிற்கிற பெற்றோருக்குத் தெரியும், சில இடங்களில் வீதியால் போகிற ஓட்டோக்காரருக்கும் தெரியும்.

வழக்கமாக நடப்பது இதுதான். ஆண் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுப் பெண் பிள்ளைகள் உள்ளே மாற்றுவார்கள். பிறகு ஆண் பிள்ளைகள் உள்ளே வந்து மாற்றுவார்கள், அல்லது வெளியே மரத்தடியிலேயே மாற்றிவிடுவார்கள். "ஆம்பிளப் பிள்ளையள்தானே, என்ன வெக்கம்?" என்று நாங்கள் பெரியவர்கள் சொல்லிவிடுகிறோம். அந்த வயதுப் பையன் அதற்குப் பதில் சொல்ல மாட்டான், சிரிப்பான். அந்தச் சிரிப்பை வைத்து அவனுக்கு ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்கிறோம்.

வெட்கப்படுகிற பிள்ளையை மலசலகூடத்துக்கு அனுப்புவது அடுத்த வழி. அங்கே நிலம் எப்போதும் ஈரம். சுவரில் ஒரு கொழுக்கி கிடையாது. வெள்ளைச் சீருடையைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று காற்சட்டை மாற்றுகிற பிள்ளைகளை நான் அறிவேன். சீருடை ஒருமுறை அந்த ஈரத்தில் விழுந்தால் வீட்டில் அடி விழும். இதற்குப் பயந்து பாடமே வேண்டாம் என்று வகுப்பில் இருந்துவிடுகிற பிள்ளை உண்டு.

வரவுப் பதிவேட்டை மாதக் கடைசியில் கூட்டும்போது சில விஷயங்கள் கண்ணில் படும். ஒரு பையன் பி.ரி. பாடம் உள்ள நாட்களில் மட்டும் வர மாட்டான். வந்தாலும் அவனுக்கு வயிற்றுக்குத்து. ஓடத் தெரியாதவன் இல்லை. இடைவேளையில் அவனைப் பிடிக்க முடியாது. அவனுடைய அம்மம்மாவிடம் மெதுவாகக் கதைத்தபோதுதான் காரணம் தெரிந்தது: அவனுக்கு உள்காற்சட்டை இல்லை. சீருடைக் காற்சட்டையும் பொத்தான் போய் ஊசி குத்தியிருந்தது. வெளியில் பார்க்கிறவர்களுக்கு எல்லாப் பிள்ளைகளையும் போல வெள்ளைச் சட்டை, நீலக் காற்சட்டை. உடுப்பு மாற்றச் சொன்ன கணத்தில் வீட்டு வறுமை முழுவதும் வகுப்பின் முன்னால் வந்துவிடும். அவனுக்கு அது தெரிந்திருந்தது.

அந்தரங்கம் என்றதும் நாங்கள் பெண் பிள்ளைகளை மட்டுமே நினைக்கிறோம். பிள்ளைகள் மறைக்க விரும்புகிறவற்றின் பட்டியல் அதைவிட நீளம். கொதிநீர் கொட்டிய பழைய தழும்பு, சத்திரசிகிச்சைத் தையல், தோலில் வெள்ளைத் திட்டு, அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்து, அக்காவின் கிழிந்த பெனியன், சில வேளைகளில் முதல் நாள் இரவு வாங்கிய அடியின் தடம். கடைசியாகச் சொன்னதை ஆசிரியர் காணத்தான் வேண்டும். கண்டால் சும்மா இருக்கவும் கூடாது. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் பல பாடசாலைச் சுவர்களில் எழுதியிருக்கிறது. ஆனால் அந்தத் தடத்தை முழு வகுப்பும் காண வேண்டியதில்லை.

பெண் பிள்ளைகளின் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. பெண் பிள்ளைகளுக்கு 8 வயதிலிருந்தும் ஆண் பிள்ளைகளுக்கு 9 வயதிலிருந்தும் பருவ மாற்றம் தொடங்குவது இயல்பு என்றுதான் மருத்துவம் சொல்கிறது. அதாவது தரம் 4, தரம் 5 வகுப்புகளில் அது சாதாரண விஷயம். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே பெரியபிள்ளையாகிற சிறுமிகள் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் அது வீட்டோடு நிற்பதில்லை. சாமத்திய வீட்டுக்கு ஒலிபெருக்கி கட்டுவார்கள், ஒழுங்கை முகப்பில் படம் போட்டுப் பதாகை தொங்கும். அந்தப் பிள்ளை திரும்பிப் பாடசாலைக்கு வரும்போது வகுப்பு முழுவதற்கும் எல்லாம் தெரியும். பத்து வயதுப் பிள்ளை அவள். அவளைப் போய் மற்றவர்கள் நடுவில் உடுப்பு மாற்று என்று சொல்வது எப்படி? "வேண்டாமெண்டால் நீ மட்டும் அலுவலக அறையில மாத்தும்மா" என்று அன்பாகச் சொல்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவள் அலுவலக அறைக்கு நடந்து போவதை முப்பது பிள்ளைகள் பார்ப்பார்கள்.

இதில்தான் எனக்கு உறுதியான ஒரு கருத்து இருக்கிறது. மறைப்பு வேண்டிய பிள்ளை வாய்திறந்து கேட்டால் தருவோம் என்கிற ஏற்பாடு ஏற்பாடே இல்லை. கேட்கிற கணத்திலேயே அது மறைக்க நினைத்தது பாதி வெளியே வந்துவிடுகிறது. ஆகவே எல்லாருக்கும் ஒரே மாதிரி, யாரும் கேட்காமலேயே கிடைக்கிற மாதிரி இருக்க வேண்டும். வெட்கப்படாத பிள்ளையும் அதே மறைப்புக்குள்தான் போக வேண்டும்.

நான் கடைசியாக வேலை செய்த பாடசாலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் சேர்ந்து இதற்கு ஒரு வழி பார்த்தோம். மிக எளிதான வழி மாற்றாமல் விடுவது. பி.ரி. உள்ள நாளில் வீட்டிலிருந்தே விளையாட்டு உடுப்போடு வருவது, பாடசாலை விடும்வரை அதோடேயே இருப்பது. லண்டனில் இருக்கிற என் தங்கையின் மகள் இதைத்தான் செய்கிறாள். கொரோனா முடக்கத்துக்குப் பிறகு 2020 செப்ரெம்பரில் அங்கே பாடசாலைகள் திறந்தபோது, பிள்ளைகள் நெருங்கி நின்று மாற்றாமல் இருப்பதற்காகப் பல ஆரம்பப் பாடசாலைகள் இந்த ஒழுங்கைக் கொண்டுவந்தன. தொற்றுப் பயம் போன பிறகும் பல இடங்களில் அப்படியே விட்டுவிட்டார்கள். நேரம் மிச்சமானது மட்டுமல்ல, பிள்ளைகளுக்கும் அது நிம்மதியாக இருந்தது என்று தங்கை சொன்னாள். இத்தனைக்கும் இங்கிலாந்தில் இதற்கென்று சட்டம் இருக்கிறது. 2012ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி 8 வயதிலிருந்து ஆண், பெண் பிள்ளைகளுக்கு மலசலகூடம் தனித்தனியாக வேண்டும்; உடை மாற்றும் இடமும் குளிக்கும் வசதியும் 11 வயதிலிருந்துதான் கட்டாயம். அப்படியானால் 8க்கும் 11க்கும் இடைப்பட்ட பிள்ளைகள்? வசதியுள்ள நாட்டுச் சட்டத்திலும் அந்த வயதுப் பிள்ளைகள் விடுபட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களைச் சின்னப் பிள்ளைகள் என்று நினைப்பது எங்கள் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை.

சரி, எங்கள் கதைக்கு வருவோம். விளையாட்டு உடுப்போடு வரட்டும் என்றதும் எதிர்ப்பு பல பக்கமும் கிளம்பியது. சீருடை ஒழுக்கம் குலைந்துவிடும் என்று மூத்த ஆசிரியர் ஒருவர் சொன்னார். அந்தக் கவலையை நான் சின்னதாக நினைக்கவில்லை. வெள்ளைச் சீருடை எங்கள் பிள்ளைகளைச் சமமாகக் காட்டுகிற ஒன்று; அதற்கான துணியை அரசு இலவசமாகத் தருகிறது. விளையாட்டு உடுப்புக்கு அப்படி இல்லை. பாடசாலைச் சின்னம் பொறித்த ரீசேட், ட்ரக் பொட்டம் என்று போனால் மீன்பிடியை நம்பியிருக்கிற வீட்டில், அதுவும் வாடைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாத நாட்களில், அது பெரிய செலவு. ஒரு மறைப்பைக் கொடுக்கப் போய் இன்னொரு வறுமையை வெளியே காட்டிவிடுவோம். அதனால் சின்னம் வேண்டாம், விளையாட்டுக்காகப் பிள்ளைகளைப் பிரிக்கிற இல்லங்களின் நிறமும் வேண்டாம், வீட்டில் இருக்கிற எந்தப் பருத்தி ரீசேட்டும் முழங்கால் மறைக்கிற எந்தக் காற்சட்டையும் போதும் என்று முடிவு செய்தோம். முஸ்லிம் பிள்ளைகளின் அம்மாமார் நீளக் கையும் முழுக் காற்சட்டையும் போடலாமா என்று கேட்டார்கள். தாராளமாக என்றோம். அதைப் பார்த்து வேறு பல பிள்ளைகளும் முழுக் காற்சட்டைக்கு மாறினார்கள். வெயிலுக்கும் நல்லது, விழுந்தால் முழங்கால் தேயாது.

இன்னொரு சிக்கல் வியர்வை. மதியத்துக்கு முந்தைய பாடவேளையில் விளையாடிவிட்டு நனைந்த ரீசேட்டோடு இருந்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் பாடம் ஏறும்? நேரசூசியை மாற்றி ஆரம்பப் பிரிவு பி.ரி. பாடங்களைக் காலை முதல் வேளைகளுக்குக் கொண்டுபோனோம். அதிபர் இதற்கு ஒத்துக்கொண்டது பெரிய உதவி. முதல் பாடவேளை என்றால் கணிதம், தமிழ் என்று ஊறிப்போன மனங்களை அசைப்பது லேசான வேலை இல்லை, புலமைப்பரிசில் வகுப்புப் பெற்றோரை அசைப்பது அதைவிடக் கடினம்.

வாரப் பாடத்துக்கு இப்படி வழி கிடைத்தாலும் முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்தால் நிலைமை வேறு. உடற்பயிற்சிக் கண்காட்சி, அணிநடை, விநோத உடை என்று நாளாந்தம் பயிற்சி. உடுப்பு மாற்றாமல் முடியாது. அதற்கு அம்மாமார் கொடுத்த பழைய நூல்சேலைகளை வைத்து வகுப்பறையின் இரண்டு மூலைகளில் கயிறு கட்டி மறைப்புப் போட்டோம். காற்றுக்குச் சேலை பறந்தது. ஒரு அம்மா கீழ்க்கரையை மடித்து உள்ளே கூழாங்கல் வைத்துத் தைத்துக் கொடுத்தார், அதற்குப் பிறகு அது அசையவில்லை. உள்ளே ஒரு கதிரை, சுவரில் மூன்று கொழுக்கி. ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை. நேரம் எடுக்கும் என்று பயந்தோம், ஆனால் மற்றப் பிள்ளைகள் வாசிப்பில் இருக்க ஒவ்வொருவராகப் போய் வருவது பழகிப்போனது. தரம் 1 பிள்ளைகள்தான் உள்ளே போய் விளையாடத் தொடங்கிவிடுவார்கள்.

ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஆண் ஆசிரியர்கள் பலர் இந்த விஷயத்தைக் கதைக்கவே தயங்குவார்கள். உள்ளே நின்றால் ஒரு பேச்சு, வெளியே நின்று உள்ளே சண்டை வந்தால் இன்னொரு பேச்சு. மறைப்புக்கு வெளியே, குரல் கேட்கிற தூரத்தில், முழு வகுப்பும் பார்க்கிற இடத்தில் ஆசிரியர் நிற்கலாம் என்றானபோது அவர்களுக்கும் மூச்சு வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு நாடா கட்டவும் பொத்தான் போடவும் உதவி தேவைப்படும். "நான் போட்டுவிடவா?" என்று கேட்டுவிட்டுத் தொடுவது என்று பேசிக்கொண்டோம். கேட்கப் பழகிய பிறகு, "வேண்டாம் ரீச்சர், நானே போடுறன்" என்று சொல்கிற பிள்ளைகள் கூடினார்கள். தன் உடம்பைப் பற்றி வேண்டாம் என்று சொல்லலாம், சொன்னால் பெரியவர் கேட்பார் என்பது ஐந்தாறு வயதிலேயே ஒரு பிள்ளைக்குத் தெரிய வேண்டும். பாதுகாப்புக் கருத்தரங்குகளில் நல்ல தொடுகை, கெட்ட தொடுகை என்று படம் காட்டிச் சொல்லிக் கொடுக்கிறோம். அதே பிள்ளையைக் கேட்காமல் இழுத்து வைத்துச் சட்டையைக் கழற்றினால் அந்தப் பாடம் அங்கேயே அழிந்துவிடும்.

இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 16ஆவது உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்தைப் பற்றியது. ஆசிரியர் கூட்டங்களில் அதைச் சொன்னால் தலையாட்டுவார்கள். சேலை மறைப்பைக் காட்டினால்தான் கேள்வி கேட்பார்கள்.

கைத்தொலைபேசி இன்னொரு தலைவலி. விளையாட்டு விழாவில் எல்லாப் பெற்றோரும் படம் எடுக்கிறார்கள், மாலைக்குள் அது முகநூலில் இருக்கும். தங்கள் பிள்ளையைத்தான் எடுக்கிறார்கள், பின்னால் உடுப்பு மாற்றுகிற பிள்ளை நிற்பதைப் பார்ப்பதில்லை. ஏகாம்பரம் மைதானம் போன்ற பொது இடத்தில் விழா வைக்கும்போது பிள்ளைகள் வான் வண்டியின் கதவைத் திறந்துவைத்து அதற்குப் பின்னால் மாற்றுவார்கள். கூடாரம் போடுகிறவரிடமே நான்கு பக்கமும் துணி அடைத்த ஒரு சின்னக் கூடாரம் கேட்டு வாங்கினோம்; அதன் பக்கம் தொலைபேசியோடு போகக் கூடாது என்று அறிவித்தலில் சொன்னோம். முதல் முறை சிலர் முகம் சுளித்தார்கள். அடுத்த முறை அம்மாமாரே காவல் நின்றார்கள்.

இவையெல்லாம் ஒரு பாடசாலையில் மனமுள்ள சிலர் சேர்ந்து செய்தது. அவர்கள் இடமாற்றம் பெற்றுப் போனால் சேலையும் போய்விடும். புதிய மாடிக் கட்டடங்கள் எழும்புகின்றன, வரைபடத்தில் திறன் வகுப்பறை இருக்கிறது, ஆரம்பப் பிரிவுப் பிள்ளை உடுப்பு மாற்ற ஆறடிக்கு ஆறடி மூலை இல்லை. மலசலகூடக் கதவுக்குப் பின்னால் ஒரு கொழுக்கிகூட மதிப்பீட்டில் வருவதில்லை. கோட்ட மட்டக் கூட்டத்தில் இதைக் கேட்டபோது எழுத்தில் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன், கொழுக்கி எத்தனை அடி உயரத்தில் இருந்தால் தரம் 1 பிள்ளைக்கு எட்டும் என்பது உட்பட.