ஆற விடணும் தம்பி

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் நான் சூப்பர்வைசராகச் சேர்ந்தது ஒரு தை மாதத்தில். விவரம் தெரிந்தவன் எவனும் தையில் மில் வேலைக்குச் சேர மாட்டான். சம்பா நெல் மொத்தமும் ஒரே மூச்சில் வந்து இறங்கும் நேரம் அது. பாய்லர் ராப்பகலாக உமியைத் தின்றுகொண்டிருக்கும், ஊறல் தொட்டி காலியாகவே ஆகாது, ரயில்வே கேட் அடைத்துத் திறந்தால் நான்கு லாரி சேர்ந்தாற்போல் வந்து வாசலில் நிற்கும். ஆனால் எனக்கென்ன, நெல்லைப் பற்றி எனக்குத் தெரியாததா என்ற நினைப்பில்தான் போய்ச் சேர்ந்தேன்.

அந்த நினைப்புக்குக் காரணம் அப்பா. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டி வைத்துக்கொண்டு ராத்திரி காவல் கிடந்தவர். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். அதனால் 17 என்ற எண் எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ரோட்டில் நெல்லைப் பரப்பி, காலால் கோடு போட்டுக் கிளறிக் காய வைத்து வளர்ந்தவன் நான். ஆனால் வயலிலிருந்து வரும் நெல்லின் ஈரம் வேறு, ஊற வைத்து ஆவி காட்டி எடுத்த நெல்லின் ஈரம் வேறு. பின்னது 30க்கும் மேலே நிற்கும். அதை 14 வரைக்கும் இறக்க வேண்டும், அதுவும் ஒரே ஓட்டத்தில் இறக்கக் கூடாது. இது எனக்கு உறைக்க ஒரு மாதமும் ஒரு மனிதரின் மனத்தாங்கலும் ஆயிற்று.

சேர்ந்த மூன்றாவது வாரம் குருணை அதிகமாக விழ ஆரம்பித்தது. முதலாளி கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அரசுக்கு அரைத்துக் கொடுக்கும்போது 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி கொடுத்தாக வேண்டும், அரிசி உடைந்து நொய்யாகப் போனால் அந்தக் கணக்கு எங்கே நிற்கும்? “என்னன்னு பாருப்பா” என்றார், அவ்வளவுதான். பார்க்கச் சொன்னதை நான் கண்டுபிடிக்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். அதாவது, யார் என்று.

முதலில் மில் டிரைவரிடம் போனேன். அரவை இயந்திரத்தை ஓட்டுகிறவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவர் கையில் நாலு அரிசியை உருட்டிக் காட்டி, “நெல்லு வறுபட்ட மாதிரி வருது சார், கீறல் விழுந்து வருது, நான் என்ன செய்ய” என்றார். நேரே, நெல்லைக் காய வைக்கும் டிரையரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் போனேன். அவர் எனக்கு முப்பது வயது மூத்தவர். “நீங்க நெல்லை வறுத்து அனுப்புறீங்களாம்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. “வறுக்குறதுக்கு நான் என்ன கடலைக்கடையா தம்பி வச்சிருக்கேன்? ரப்பர் ரோல் தேஞ்சிருக்கான்னு ஒருதரம் பாக்கச் சொல்லுங்க” என்றார். அரவை இயந்திரத்தில் உமியைக் கழற்றுவது அந்த ரோல்தான். திரும்ப டிரைவரிடம் வந்து, “நீங்க ரோலைப் பாக்குறதே இல்லையாம்” என்றேன்.

இப்போது எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. இந்த ‘ஆம்’ இருக்கிறதே, ரொம்பப் பொல்லாதது. சொன்னாராம், செய்யலையாம், வறுக்கிறாராம். ஒரு ‘ஆம்’ ஒட்டினால் போதும், சொன்ன பொறுப்பு நம் தலையில் இல்லை, ஆனால் குத்துவது குத்திவிடும். சூப்பர்வைசர் வேலை என்பது இங்கே கேட்டதை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று நினைத்துக்கொண்டு, மூன்று நாள் டிரையருக்கும் அரவைக் கூடத்துக்கும் நடுவே நடையாய் நடந்தேன்.

நாலாவது நாள் ராத்திரி, வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மில் வாட்ஸப் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். “அனுபவம் இருக்குன்னு சொல்லிக்கிட்டு ஏனோதானோன்னு வேலை பாத்தா யாரா இருந்தாலும் சரி” என்று ஆரம்பித்து, டிரையர் பக்கம்தான் கோளாறு என்று முடித்தேன். பெயர் சொல்லவில்லை. டிரையரில் இருப்பது அவர் ஒருவர்தான், பெயர் எதற்கு? லோடுமேன்கள், களத்தில் வேலை பார்க்கும் அக்காக்கள், முதலாளி, முதலாளி மகன் என எல்லாரும் இருக்கும் குரூப். பத்து நிமிடத்தில் அவர் குரூப்பை விட்டு வெளியேறிய அறிவிப்பு வந்தது.

மறுநாள் வேலைக்கு வந்துவிட்டார். சண்டை போடுவார் என்று பதில் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். “சொல்லுங்க சார்” என்றார். தம்பி போய் சார் வந்துவிட்டது. அன்று முழுக்க நான் கேட்டதற்கு மட்டும் பதில்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய டிரைவர்தான் மத்தியானம் என்னிடம் வந்து நின்றார். “அண்ணன் வறுக்குறாருன்னா சார் சொன்னேன்? நெல்லு அப்படி வருதுன்னுல்ல சொன்னேன். ரோலை நான் பாக்குறதில்லைன்னு அவரும் சொல்லியிருக்க மாட்டாரே.” இரண்டு பேரும் பல வருஷம் ஒரே பாத்திரத்தில் டீ வாங்கிக் குடித்தவர்கள். அவர்களுக்குள் சண்டை இருந்ததா என்றால், நான் போகும் வரைக்கும் இல்லை.

அன்று ராத்திரி ஷிப்டுக்கு நானும் தங்கினேன். மன்னிப்பு கேட்கத்தான், ஆனால் வாய் வரவில்லை. மாய்ஸ்சர் மீட்டரை வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர் மணிக்கொருதரம் நெல்லை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்ப்பார், நான் மீட்டரில் போட்டுப் பார்ப்பேன், பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. 18க்கு வந்தபோது, “இப்ப நிறுத்தி ஆற வைக்கணும்ல?” என்று கேட்டேன். எங்கோ கேட்ட ஞாபகம். அவர் தொட்டியைக் காட்டினார். “அடுத்த லோடு ஊறிக் கிடக்கு சார். அதை விட்டா புளிச்சு நாத்தம் வந்துரும். நீங்கதான ஒரு லோடு கூட ஏத்தச் சொன்னீங்க.”

ஆமாம், நான்தான். லாரிகள் வாசலில் நிற்கின்றன என்று, சேர்ந்த முதல் வாரமே நாளுக்கு ஒரு லோடு கூட்டியிருந்தேன். அந்த நேரம் எங்கிருந்து வரும்? நெல் ஆறுகிற நேரத்திலிருந்துதான் வந்தது. மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கிற நெல், நடுவில் சில மணி நேரம் ஆறினால்தான் ஈரம் பரவிச் சமமாகும், அப்புறம் மறுபடி ஓட்டி 14க்கு இறக்கலாம். ஆறாமல் ஒரே மூச்சில் காய வைத்தால் உள்ளுக்குள் கீறல் விழும். வெளியே தெரியாது, ரோலில் உமி கழன்றதும் உடைந்து கொட்டும். முதல் வாரமே அவர் இதைச் சொன்னார். “ஆற விடணும் தம்பி.” நான் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறேன்.

அப்போதுதான் மன்னிப்பு கேட்டேன். அவர் பாய்லர் பக்கம் பார்த்துக்கொண்டே, “குரூப்ல சொன்னதை குரூப்லயே சொல்லுங்க” என்றார்.

நியாயம்தான். ஆனாலும் எனக்கு இரண்டு நாள் பிடித்தது. மூன்று தடவை பேசி அழித்தேன், ஒவ்வொரு தடவையும் கடைசியில் ‘இருந்தாலும்’ என்று ஒரு வார்த்தை வந்து உட்கார்ந்துகொண்டது. கடைசியில் எழுதி வைத்துப் படித்தேன்: லோடு கூட்டியது நான், ஆற விடாததற்கு நான்தான் காரணம், அண்ணனைச் சொன்னது தப்பு. முதலாளி கட்டை விரல் போட்டார். அண்ணன் குரூப்பில் இல்லாததால் களத்து அக்கா ஒருவர் போனைக் கொண்டுபோய் அவர் காதில் வைத்துக் கேட்க வைத்தாராம். (இந்த ‘ஆம்’ பரவாயில்லை என்று நினைக்கிறேன்.)

இப்போது ஒருவர் மேல் இன்னொருவர் புகார் சொன்னால், “வாங்க, அவர்கிட்டயே போய்க் கேப்போம்” என்று கூட்டிக்கொண்டு போகிறேன். எல்லாவற்றுக்கும் இது சரிப்படாது. லோடுமேன்களுக்கும் எடைமேடைக்காரருக்கும் கூலிக் கணக்கில் தகராறு வந்தபோது இப்படித்தான் அழைத்துப் போனேன், அது தெருச் சண்டையாகி அரைநாள் லோடு ஏறவில்லை. காசு விஷயம் என்றால் முதலில் நோட்டை எடுத்துத் தனியாகக் கூட்டிப் பார்த்துவிட வேண்டும், அப்புறம்தான் ஆட்களை நேருக்கு நேர் நிறுத்தலாம்.

லோடு பழையபடி குறைந்தது, குருணையும் குறைந்தது. அண்ணன் குரூப்புக்குத் திரும்பவில்லை, நானும் சேர்க்கவில்லை. ராத்திரி ஷிப்டில் அவரிடமிருந்து போன் வரும். “சார், 18 வந்துருச்சு. ஆற விடலாமா?” அவருக்குத் தெரியாததா? இருந்தாலும் ஒவ்வொரு லோடுக்கும் கேட்கிறார்.

“விடுங்கண்ணே” என்கிறேன்.