காதால் பார்க்கிற சீரியல்கள்

சேலத்தில் சிவதாபுரம் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், இங்கே முக்கால்வாசி வீடுகளில் வெள்ளிக் கொலுசு வேலைதான். சாயந்திரம் எந்த வீட்டை எட்டிப் பார்த்தாலும் ஒரு தட்டில் குட்டிக் குட்டிச் சலங்கைகளைக் கொட்டி வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், பின்னால் டிவி ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் நிமிர்ந்து பார்க்க முடியாது. வளையத்தைக் குறடால் லேசாக விரித்து, சலங்கையை மாட்டி, மறுபடி வாய் சேர்க்க வேண்டும், கொஞ்சம் கண் விலகினாலும் வளையம் கோணிவிடும். அதனால் நாங்கள் எல்லாம் சீரியலைக் கேட்கிற ஆட்கள். எது நல்ல சீரியல் என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாலும் கதை புரிகிறதா?

இதில் மெட்டி ஒலியை அடிக்க இன்னும் ஒன்று வரவில்லை என்பது என் தீர்மானமான கருத்து. 2002-ல் தொடங்கி 2005 வரை சன் டிவியில் ஓடியது, திருமுருகன் இயக்கியது, அவரே கோபியாக நடித்தும் இருந்தார். ஒரு அப்பா, அஞ்சு பெண்கள், அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த அப்பா சிதம்பரமாக டெல்லி குமார் பேசுகிற குரலில், சம்பந்தி வீட்டுக்குப் போனால் ஒரு பெண்ணைப் பெற்றவர் எப்படிக் குனிந்து பேசுவாரோ அது அப்படியே இருக்கும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரல் இறங்கிவிடும். மருமகன் மாணிக்கம் வீட்டுக்குள் வந்தால் அவன் பெண்டாட்டி சரோவின் பேச்சு பாதியில் நிற்கும், அந்த மௌனத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும் இன்றைக்கு வீட்டில் சண்டை என்று. பக்கத்து வீட்டு அக்கா சலங்கையிலிருந்து கண்ணை எடுக்காமலே "வந்துட்டானா கண்ணு அவன்?" என்று கேட்பார். யாருக்கும் தனியாக வில்லன் இசை தேவைப்படவில்லை. 2020 ஊரடங்கில் மறுஒளிபரப்பு செய்தபோது, முதல் தடவை ஓடிய காலத்தில் பிறந்தே இராத பிள்ளைகளும் உட்கார்ந்து கேட்டார்கள், நல்ல வசனம் பழசாகாது என்பதற்கு எனக்கு அதுவே போதும்.

அதற்கும் முன்னால் போனால் மர்ம தேசம். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. அதில் விடாது கருப்பு 1997 வாக்கில் வந்தது. மெட்டி ஒலியில் மாணிக்கமாக எங்களிடம் திட்டு வாங்கிய சேத்தன்தான் அதிலும் முக்கியமான ஆள், கூட தேவதர்ஷினி. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அந்த மனிதர் எப்பேர்ப்பட்ட நடிகர் என்பது புரியும். குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டால் போதும், எங்கள் தெருவில் பிள்ளைகள் பாத்ரூமுக்குத் தனியாகப் போகாது. சாமி பயம், மனநோய் இரண்டையும் ஒரே கதையில் வைத்து, இரண்டில் எதையும் கேலி செய்யாமல் முடித்த தொடர் அது. யூடியூபில் இருக்கிறது, இன்னும் பார்க்காதவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.

இப்போதைய சீரியல்களில் எனக்கு இருக்கிற கோபமே வேறு. ஒருவர் ஒரு வார்த்தை சொல்வார், உடனே இடி விழுகிற மாதிரி சத்தம், அப்புறம் சுற்றி நிற்கிற பத்துப் பேர் முகத்தையும் மூன்று மூன்று தடவை காட்டுவார்கள். கேட்கிற எங்களுக்கு ஐந்து நிமிடம் வெறும் சத்தம்தான். எழுதுகிறவருக்குச் சொல்ல எதுவும் இல்லாதபோதுதான் இப்படி நடக்கும்.

விதிவிலக்கு எதிர்நீச்சல். 2022-ல் வந்தது, கோலங்கள் எடுத்த அதே திருச்செல்வம். மாரிமுத்துவின் ஆதி குணசேகரன் "இந்தாம்மா ஏய்" என்று கூப்பிடும்போது எங்கள் வீட்டில் ஆண்களுக்கே முகம் மாறும், ஏனென்றால் அந்தத் தொனி அவர்களுக்கும் தெரிந்த தொனி. அதைவிட எனக்குப் பிடித்தது சமையலறையில் அந்த வீட்டு மருமகள்கள் ஈஸ்வரி, நந்தினி, ரேணுகா, ஜனனி நான்கு பேரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கிற இடங்கள். நந்தினியின் குத்தல் பேச்சைக் கேட்பதற்காகவே வேலையை அந்த நேரத்துக்குத் தள்ளி வைப்போம். 2023 செப்டம்பரில் மாரிமுத்து போனபோது தெருவே ஒரு சொந்தக்காரர் போன மாதிரி இருந்தது. அவர் இடத்துக்கு வந்த வேல ராமமூர்த்தி நல்ல நடிகர்தான், ஆனாலும் ஒரு குரலுக்குப் பழகிய காதுக்கு இன்னொரு குரல் சுலபத்தில் ஒட்டாது.

டப்பிங் தொடர்களையும் சொல்ல வேண்டும், பாலிமர் டிவி எங்கள் சேலத்தில் பிறந்த சேனல் என்பதால் அதில் கூடுதல் பாசம். உள்ளம் கொள்ளை போகுதடா வந்த காலத்தில் அதில் நடித்த இந்தி நடிகர்கள் ராம் கபூர், சாக்ஷி தன்வர் இருவரையும் தமிழ்க்காரர்கள் என்றே நம்பிய பாட்டிகள் இங்கே உண்டு, டப்பிங் குரல்கள் அவ்வளவு பொருத்தம்.

வெப் சீரிஸ் கதை வேறு. அதைக் கேட்க முடியாது, பார்த்தே ஆக வேண்டும், ஆகவே ஞாயிற்றுக்கிழமைதான். விமல் நடித்த விலங்கு ஏழு பகுதி, போலீஸ் ஸ்டேஷன் என்றால் எப்படி இருக்கும் என்பதை அவ்வளவு நிஜமாக எடுத்திருக்கிறார்கள், ஆனால் பிள்ளைகள் தூங்கிய பிறகு போடுங்கள். அயலிக்கு அந்தக் கட்டுப்பாடு வேண்டாம். பெண்பிள்ளை வயசுக்கு வந்தால் படிப்பை நிறுத்திவிடுகிற கிராமம், டாக்டராக ஆசைப்படுகிற தமிழ்ச்செல்வி தான் வயசுக்கு வந்ததையே மறைக்கிறாள். அவளாக அபி நட்சத்திரா, அம்மாவாக அனுமோள். எட்டுப் பகுதிதான். வீட்டில் பெண்பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள், முக்கியமாகப் பாட்டியையும் கூப்பிடுங்கள், அவர்கள் காலத்துக் கதைகள் அப்போதுதான் வெளியே வரும்.