கால வினாவுக்கு ஒரு மரக்கட்டை போதும்

எம்.ஏ. ஒப்பியல் தத்துவத் தாளின் முடிவு வந்துவிட்டது. காலம், சாத்தியம், நிகழ்கணம் மூன்றையும் சேர்த்துக் கேட்கும் நெடுவினாதான் வழக்கம்போலப் பலரைக் கவிழ்த்திருக்கிறது. படிக்காததால் அல்ல. "மேற்குக்குக் காலம் கோடு, தாவோவுக்கு வட்டம், இரண்டுமே இந்தக் கணத்தில் வாழச் சொல்கின்றன" என்று தொடங்கியதால். அந்த வரி எந்த நூலுக்கும் பொருந்தாது.

பதிலாக ஒரு மரக்கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அரிஸ்டாட்டில் பருப்பொருளுக்கு வைத்த 'ஹூலே' என்ற சொல்லுக்கே கிரேக்கத்தில் மரம் என்று பொருள். கட்டைக்குள் ஹெர்மஸ் சிலை உள்ளாற்றலாக இருக்கிறது என்பது அவர் தரும் உதாரணம் (மெட்டாபிசிக்ஸ், 9ஆம் நூல், 6). சிலை ஆவதே அதன் நிறைவு. அதே நூலின் 8ஆம் அத்தியாயத்தில் செயல்நிலைதான் (ஆகி நிறைந்த நிலை) உள்ளாற்றலுக்கு முந்தியது என்று வாதிடுகிறார். சீனத் தாவோ மரபின் மூலநூலான தாவோ தே ஜிங் 28இல் வருவதும் மரம்தான், ஆனால் செதுக்காத கட்டை. (சீனச் சொல்லை அப்படியே 'பூ' என்று எழுதாதீர்கள், மலராகப் படித்துவிடுவார்கள்.) அது பிளந்து சிதறினால் பாத்திரங்கள் ஆகின்றன, பாத்திரம் ஆனபின் வேறெதுவாகவும் ஆக வழியில்லை. கட்டை உருப்பெறுவது அரிஸ்டாட்டிலுக்கு வரவு, தாவோவுக்குச் செலவு. விடையின் முதுகெலும்பு இதுதான், மீதி எல்லாம் சதை.

100 மதிப்பெண்ணுக்கு 3 மணி நேரம் என்றால் 15 மதிப்பெண் வினாவுக்கு 27 நிமிடம்:

- 4 நிமிடம்: கட்டையின் இரு பக்கத்தையும் குறித்துக்கொள்ள.
- 8: அரிஸ்டாட்டில். முன், பின் என்பதைப் பொறுத்த இயக்கத்தின் எண்ணே காலம். 'இப்போது' காலத்தின் துண்டு அல்ல, கோட்டில் புள்ளி போல (பிசிக்ஸ், 4ஆம் நூல்).
- 4: அகஸ்டின், 'கன்ஃபெஷன்ஸ்' 11ஆம் நூல். நினைவு, கவனம், எதிர்பார்ப்பு. மனப்பாடமான விவிலியச் சங்கீதத்தைச் சொல்லும் உதாரணம் கட்டாயம்.
- 11: தாவோ. இங்கே கஞ்சத்தனம் காட்டுபவர்கள்தான் அதிகம்.

'நாளை கடற்போர் நடக்கும்' என்ற கூற்று இன்றே உண்மையா என்று அரிஸ்டாட்டில் கேட்பது வேறு விஷயம். அது கூற்றின் உண்மை பற்றியது, கட்டையின் உள்ளாற்றல் பற்றியது அல்ல. இரண்டையும் 'சாத்தியம்' என்ற ஒரே சொல்லில் அடைத்தால் விடை குழம்பும்.

தாவோ மரபின் இன்னொரு நூலான சுவாங்ட்சுவில் எல்லாரும் பட்டாம்பூச்சிக் கனவுக்கு ஓடுகிறார்கள். நிகழ்கணத்துக்கு 3ஆம் அத்தியாயத்தில் மாடு அறுக்கும் சமையற்காரர் டிங்தான் சரி. சாதாரண ஆள் மாதம் ஒரு கத்தி மாற்றுகிறான், வெட்டி முறிப்பதால். தேர்ந்தவன் ஆண்டுக்கு ஒன்று. டிங்கின் கத்திக்கு 19 ஆண்டு, மாடுகளோ ஆயிரக்கணக்கில். மூட்டுகளுக்கிடையே இடைவெளி உண்டு, கத்தி முனைக்குத் தடிமன் இல்லை. இதுவரை எல்லாரும் எழுதுகிறார்கள், "சிரமமே இல்லாத ஓட்டம்" என்று முடித்தும் விடுகிறார்கள். விடுபடுவது அடுத்த வரி: சிக்கலான முடிச்சு வந்தால் டிங் எச்சரிக்கையாகிறார், பார்வை நிலைக்கிறது, கை மெதுவாகிறது, கத்தி மிகச் சிறிதே அசைகிறது. அகஸ்டினின் மனம் முன்னும் பின்னும் இழுபடுகிறது. டிங்கின் கவனம் முடிச்சில் குவிகிறது. ஒப்பீட்டை இந்த இடத்தில் வையுங்கள்.

'ஷி' என்ற சீனச் சொல்லைக் காலம் என்று மட்டும் பெயர்த்தால் பாதி போய்விடும். பருவம், வேளை என்றும் சேர்த்து எழுதுங்கள்.

ஹைடெக்கரின் 'இருத்தலும் காலமும்' (1927) வினாவில் 20ஆம் நூற்றாண்டு என்று இருந்தால் மட்டும். மெக்டாகர்ட்டின் 1908 கட்டுரை, காலம் உண்மையா என்று கேட்டால் மட்டும்.